வெயிலில் அவிழ்ந்த சுருள்

2019 பிப்ரவரி 6, புதன்கிழமை, காலை பத்து மணி பத்து நிமிடம். லிவியாவைச் சிவக்குமார் முதன்முதலில் கண்ட நேரம் அது. ஆழ்துளைக் கிணற்றுக்குள் அவர் இறக்கும் கேமராவின் திரை மூலையில் தேதியும் மணியும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே அதில் பிழையிருக்க வழியில்லை. அந்தத் திரையின் கண்ணாடியில் வெள்ளைமுடி முகமொன்று நிழலாடியதும் திடுக்கிட்டுத் திரும்பினார்.

திடுக்கிடுவது அவருக்குச் சுபாவமாகவே ஆகிவிட்டிருந்தது. கிணறு துளைக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் பத்தாண்டு உழைத்துவிட்டு, துளைக்குள் கேமராவை இறக்கி நீர்க்கசிவு பார்த்துச் சொல்லும் தொழிலுக்கு வந்தவர் அவர். எந்தத் துளையிலும் முதல் நாற்பது அடி இறங்கும்வரை அவருக்கு மூச்சு சீராக வராது. மூடாத துளைகளில் குழந்தைகள் விழுந்த செய்திகளைப் பார்த்த நாள்முதல், திரையில் ஒரு பிஞ்சு விரல் தெரிந்துவிடுமோ என்ற பயம் அவரை விட்டதில்லை.

லிவியாவுக்கோ அந்த இருட்டின்மேல்தான் ஆசை. இத்தாலியில், துரின் நகரத்து மருத்துவமனையொன்றின் சலவைக்கூடத்தில் காலை வேலை. மிச்ச நேரமெல்லாம் படம். முப்பத்தோராண்டுகளில் பத்தொன்பது படங்கள் எடுத்திருந்தார். ரொட்டி அடுப்பின் உட்புறம், கைவிட்ட சுரங்கம், உறங்கும் தாயின் திறந்த வாய் என்று வெளிச்சம் நுழையத் தயங்கும் இடங்களே அவருக்குப் பொருள். எடுப்பதும் கழுவுவதும் வெட்டி ஒட்டுவதும் அவர் ஒருவரே. இணையத்தில் சிவக்குமார் போட்டிருந்த துளைக்காட்சி ஒன்றைப் பார்த்து, அதன்கீழ் இருந்த எண்ணுக்கு மூன்று மாதம் எழுதி எழுதி அனுமதி பெற்று வந்திருந்தார். கண்பார்வை மங்கி வந்தது. இருபதாவது படமே கடைசி என்றும், அதற்கென வாங்கிய நான்கு பிலிம் சுருள்களில் மூன்று தீர்ந்துவிட்டன என்றும் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார்.

துளை இருந்த நிலம் வெண்ணந்தூருக்கு வெளியே கோழிப்பண்ணை வைத்திருந்த கந்தப்பனுடையது. வந்தவரின் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர் சிரித்தார்.

“கதையுமில்லை, ஆளுமில்லைங்கறாங்க. அப்புறம் டிக்கெட்டு ஆருங்க எடுப்பாங்க?”

சிவக்குமார் அதை ஆங்கிலத்தில் சொல்ல, சில ஊர்களில் பதினான்கு பேர் வந்ததுண்டு என்று லிவியா பெருமையாகவே பதில் சொன்னார்.

எழுநூற்று நாற்பது அடிவரை ஒரு சொட்டு ஈரமில்லை. சாவி கொடுத்து ஓட்டும் பழைய கேமராவில் லிவியா எல்லாவற்றையும் படம்பிடித்துக்கொண்டிருந்தார். மூடும் நேரத்தில்தான் போல்ட்டில் மரை தேய்ந்திருப்பது தெரிந்தது. இரும்பு மூடியை முறுக்க முடியவில்லை. மறுநாள் புதிய போல்ட்டோடு வந்துவிடலாம் என்று எண்ணிய சிவக்குமார், அளவு பார்க்க மூடியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, துளைவாயில் ஓர் உரச்சாக்கை விரித்து, கல்லொன்றைத் தூக்கி வைத்தார். அந்தக் கைகளையும் லிவியாவின் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. சுருளில் இன்னும் இருபது வினாடி மிச்சம் என்று லிவியா சொன்னார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கந்தப்பனிடமிருந்து அழைப்பு வந்தது. மூன்று வயதுப் பேத்தி தீபிகாவைக் காணவில்லை. துளைவாய் திறந்து கிடக்கிறது என்றார்.

ராசிபுரம் விடுதியிலிருந்த லிவியாவை ஏற்றிக்கொண்டு எப்படி வந்து சேர்ந்தார் என்பது சிவக்குமாருக்கே நினைவில்லை. தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியிருந்தார்கள், போலீசும் வந்துகொண்டிருந்தது. கந்தப்பன் அவர் தோளைப் பற்றினார்.

“ஏனுங்க சிவா, நேத்து மூடியை முறுக்கிட்டுத்தானுங்களே போனீங்க?” என்று மணிக்கட்டைத் திருகிக் காட்டிக் கேட்டார்.

“முறுக்கிட்டேனுங்க” என்று சிவக்குமார் தலையாட்டினார்.

பயம்தான் அப்படிச் சொல்ல வைத்தது. அந்தத் திருகலையும் தலையாட்டலையும் புரிந்துகொள்ள லிவியாவுக்குத் தமிழ் தேவைப்படவில்லை. அவர் சிவக்குமாரின் கைகளைப் பார்த்தார். நேற்றுச் சாக்கை விரித்த அதே கைகள் இப்போது துளைக்கேமராவின் கம்பி வடத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தன.

கேமரா இறங்கியது. பத்தடி. பதினைந்தடி. குழந்தை என்ன சட்டை போட்டிருந்தது என்று யாரோ கேட்க, மஞ்சள் என்று தாய் சண்முகப்பிரியா சொன்னாள். இருபத்திரண்டாவது அடியில் திரையில் மஞ்சள் தெரிந்தது. சண்முகப்பிரியா பார்க்காமலிருக்கத் தம் உடம்பால் திரையை மறைத்துக்கொண்டார் சிவக்குமார். சாலையில் போலீஸ் ஜீப் திரும்பும் ஓசை கேட்டது.

அப்போதுதான் அதைக் கண்டார். லிவியா வெயிலில் நின்று தம் பழைய கேமராவின் மூடியைத் திறந்தார். சுருளை வெளியே இழுத்தார். கை கையாக, நிதானமாக, கடைசி அங்குலம்வரை வெயிலுக்குக் காட்டினார். பதிந்திருந்ததெல்லாம் வெளிச்சத்தில் அழிந்து, அது காலடியில் குவிந்தது. பிறகு வந்து, சிவக்குமாரின் கைமேல் தம் கையையும் வைத்து வடத்தைப் பிடித்துக்கொண்டார்.

இன்னும் ஓரடி இறக்கி விளக்கைக் கூட்டினார்கள். மஞ்சள், சாக்கில் அச்சிட்டிருந்த எழுத்து. அடியில் கல் மட்டுமே சிக்கி நின்றது. மறுபடி தேடித் தீவன அறைக்கு ஓடிப்போயிருந்த சண்முகப்பிரியாவின் குரல் அதே சமயத்தில் கேட்டது. மக்காச்சோள மூட்டைகளின் இடுக்கில் தீபிகா தூங்கிக்கொண்டிருந்தாள்.

அழுது ஓய்ந்த கந்தப்பன், ஆடு மேய்க்கும் காளியப்பன்தான் இரும்புக்கு ஆசைப்பட்டு மூடியைக் கழற்றியிருப்பான் என்று போலீசிடம் சொல்லத் தொடங்கினார். சாக்கு விரித்த கைகளைப் பதிந்திருந்த சாட்சி வெயிலில் கருகிக் கிடந்தது. சிவக்குமார் வாய் மூடியிருந்தால் போதும். ஆனால் அந்தக் குவியலைப் பார்த்த பிறகு அவரால் முடியவில்லை.

“அவன் இல்லீங்க. நாந்தானுங்க முறுக்கல. சாக்கைப் போட்டுட்டுப் போயிட்டேன்.”

கந்தப்பன் சாலைப் பக்கம் கையைக் காட்டினார். “போயிருங்க சாமி. எங்கண்ணு முன்னால நிக்காதீங்க” என்றார்.

போலீசார் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மாலையில் சிவக்குமார் திரும்ப வந்து, கந்தப்பனிடம் பேசாமலே மூடியைப் புதிய போல்ட்டுகளால் முறுக்கினார். லிவியா மறுநாள் ஊருக்குப் புறப்பட்டார். மறுபடி வந்தால் எத்தனை துளை வேண்டுமானாலும் இறக்கித் தருவதாகவும், சுருளைத் தாமே வாங்கித் தருவதாகவும் விமான நிலையத்தில் சிவக்குமார் சொன்னபோது, லிவியா அவர் கையை அழுத்திவிட்டுப் போனார். யாருக்காகச் சுருளைத் திறந்தார் என்று கேட்கச் சிவக்குமாருக்குத் துணிவு வரவில்லை.

ஆண்டுதோறும் பிப்ரவரியில் லிவியாவிடமிருந்து ஒருவரிச் செய்தி வரும்: தீபிகா எந்த வகுப்பு? கந்தப்பன் வீட்டு வாசல்வரை போய்ச் சண்முகப்பிரியாவிடம் கேட்டுவந்து சிவக்குமார் பதில் எழுதுவார். 2024இல் லிவியா இறந்த செய்தியை அவருடைய மருமகள் எழுதியிருந்தாள். இறந்தவரின் படப்பட்டியலையும் இணைத்திருந்தாள். சிவக்குமார் எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது. இருபதாவதுக்கான சுருளை அந்த அம்மாள் அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை.