அவசர ஜன்னலுக்கு ஏற்ற பை

எந்த ஊருக்குப் போவதானாலும், எத்தனை பேர் போவதானாலும், ஒரே ஒரு பை போதும் என்பது என் அப்பாவின் கட்சி. அந்தக் கட்சியில் அவரைத் தவிர வேறு ஆளே கிடையாது. அம்மா எதிர்க்கட்சி. நானும் அக்காவும் யார் தின்பண்டம் கொடுக்கிறார்களோ அவர்கள் பக்கம்.

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கக்காரர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லைனில், பாதி ஆண்கள் விடியற்காலை வண்டி பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான். அப்பாவுக்கு அங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. வண்டி நிற்பதற்குள் பையை ஜன்னல் வழியாக உள்ளே வீசி இடம் பிடிப்பதில் அவரை அடிக்க ஆளில்லை என்பார்கள். எல்லா ஜன்னலிலும் கம்பி இருக்கும். அவசர ஜன்னலில் மட்டும் இருக்காது. ஆகவே மனிதன் வைத்திருக்கும் பை அந்த ஜன்னலுக்குள் நுழைய வேண்டும், நுழையாவிட்டால் அது பையே இல்லை. இதை அவர் வேதம் போலச் சொல்வார்.

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் தம்பிக்கு, குடியாத்தத்தில் கல்யாணம். பெண்ணுக்கான முகூர்த்தப் புடவையை நான்தான் எடுப்பேன் என்று சண்டை போட்டு அந்த உரிமையை வாங்கியிருந்தாள் அம்மா. அவளுடைய அண்ணன் மனைவி, எங்கள் பெரிய அத்தை, வாயைத் திறந்தால் குற்றம்தான் சொல்வாள். ‘பெரிய நாத்தனாரு, கோலார்லருந்து இன்னா கொண்டாராங்கன்னு பாக்கலாம்’ என்று போனிலேயே சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து அந்தப் புடவை அம்மாவுக்குப் புடவையாக இல்லை, மானமாகிவிட்டது.

அம்மா இரண்டு சூட்கேஸ், ஒரு ஒயர் கூடை, ஒரு அட்டைப் பெட்டி என்று திட்டம் போட்டிருந்தாள். அப்பா எல்லாவற்றையும் கூடத்தில் கொட்டச் சொன்னார். தன் பழுப்பு நிறப் பையை நடுவில் வைத்தார். பிறகு நடந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் நம்புவார்கள். பாவாடைகளைச் சுருட்டிச் சுருட்டி முறுக்குக் குழலுக்குள் திணித்தார். அம்மாவின் வளையல்களை எங்கள் ஷூவுக்குள் போட்டார். ஷூவைச் சோற்றுக் குண்டானுக்குள் வைத்தார். குண்டானை ஏன் கல்யாணத்துக்கு எடுத்துப் போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. இடம் மிச்சமாகிறதே என்ற பிரமிப்பில் இருந்தோம். முகூர்த்தப் புடவையைச் சுருட்டக் கை வைத்தபோதுதான் அம்மா பாய்ந்தாள்.

“பட்ட சுருட்னா சரிகை ஒடிஞ்சிடும். தொட்டீங்கன்னா பாருங்க!”

கடைசியில் புடவை மடித்தபடியே நடுவில் போயிற்று. என்னையும் அக்காவையும் பையின் மேல் உட்காரவைத்து ஜிப்பை இழுத்தார். ஜிப் முனகியது, ஆனாலும் மூடிக்கொண்டது. அப்பா எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதன் அகலத்தை அளந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “போவும்.”

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே போகும் என்று கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் பங்காருபேட்டைக்குப் போய், ஜோலார்பேட்டை வழியாகப் போகும் வண்டிக்காக நின்றோம். அதற்குமுன், அதே பிளாட்பாரத்தின் மறுபக்கத்தில், அப்பா தினமும் போகிற பெங்களூர் வண்டி வந்தது. கூட்டம் ஓடியது. அப்பாவும் ஓடினார். எதற்கு ஓடுகிறார் என்று நாங்கள் யோசிப்பதற்குள் பையைத் தலைக்கு மேல் தூக்கி, வண்டி நிற்கும் முன்பே, அவசர ஜன்னலுக்குள் வீசினார். எங்கும் இடிக்காமல், உரசாமல், ஐயோ, எவ்வளவு அழகாகப் போயிற்று தெரியுமா! அவர் முகத்தில் ஒரு திருப்தி வேறு. படிப் பக்கம் ரெண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றார். திரும்பி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். நாங்கள் யார் என்று யோசிப்பவர்போல இருந்தது அந்தப் பார்வை. வண்டி கிளம்பிவிட்டது.

“அடப்பாவி மனுஷா!” என்று அம்மா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா அந்த வண்டியில் தினமும் தன்னோடு போகிற ஒருவருக்குப் போன் போட்டார். எதிர்முனைக் குரல் எங்களுக்கே கேட்டது.

“தம்பி, உன் பை வந்து என் மடிமேல உக்காந்துனு கீது. நீ எங்கப்பா?”

“அண்ணே, நான் பங்காருபேட்டையில நிக்கறேன். இன்னிக்கி வேலைக்கி வரலண்ணே. மச்சான் கல்யாணம்.”

“நீ வரல, உன் பை மட்டும் எதுக்கு வேலைக்கி வருது?”

அக்கா சிரித்துவிட்டாள். அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். அந்த அடி அப்பாவுக்குச் சேர வேண்டியது, பாவம் அக்கா. அந்த அண்ணன் மாலூரில் இறங்கி, எதிர் வண்டி பிடித்து, எப்படியாவது சாயங்காலத்துக்குள் குடியாத்தத்துக்கே கொண்டுவருவதாகச் சொன்னார். அம்மா ஜோலார்பேட்டை வரை அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அதன்பிறகு குடியாத்தம் வரை நிறுத்தவே இல்லை.

மண்டப வாசலிலேயே பெரிய அத்தை நின்றிருந்தாள். வெறுங்கையோடு இறங்கிய எங்களை மேலும் கீழும் பார்த்தாள். சாயங்காலம் தட்டு வரிசையில் புடவை இருந்தாக வேண்டும்.

“புடவை எங்க?”

அம்மா கண்ணைக்கூட இமைக்காமல் சொன்னாள்: “எங்க வூட்டுக்காரரோட அண்ணன் கொண்டாராரு. பெரியவங்க கையாலதான் குடுக்கணும்னு சொல்லிட்டாரு.”

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எனக்கு ஒரு பெரியப்பா இருக்கிறாரா? சொல்லவே இல்லையே!

வெற்றிலை, பழம், பூ எல்லாம் தட்டில் ஏறிவிட்டன. புடவைக்கான வெள்ளித் தட்டு மட்டும் காலியாகக் கிடந்தது. அம்மா அதைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயில் வைத்த நேரத்தில், வாசலில் பழுப்புப் பையோடு ஒரு மனிதர் வந்து நின்றார். வேலைக்குப் போகும் நீலச் சட்டை, கையில் இன்னும் பிரிக்காத டிபன் பாக்ஸ். அம்மா ஓடினாள்.

“வாங்க மாமா! இவ்ளோ நேரமா?”

அவர் ஒரு கணம் விழித்தார். அப்பா பின்னாலிருந்து கும்பிடுவதைப் பார்த்தார். “வண்டி லேட்டுமா,” என்றார். அவ்வளவுதான், என் பெரியப்பா ஆகிவிட்டார்.

புடவை ஒரு கசங்கல் இல்லாமல் வெளியே வந்தது. பெரிய அத்தை சரிகையைத் தடவிப் பார்த்து, குற்றம் எதுவும் கிடைக்காமல் உள்ளே போனாள். அம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பெரியப்பாவை முதல் பந்தியில் உட்காரவைத்துத் தன் கையாலேயே பரிமாறினாள்.

“எங்க மாமா இருக்கறீங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நம்ம சாம்பியன்தாம்மா. புத்தர் கோயில் கீதே, அந்த லைனு.”

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. அப்பாவைப் பார்த்தாள். அப்பா இலையில் இருந்த அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா பெரியப்பாவின் இலையில் இன்னொரு வடையை வைத்தாள். வடை தீர்ந்துபோகுமோ என்றுதான் யோசிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பெண் வீட்டார் பெரியவர்களுக்குத் துண்டு போர்த்தினார்கள். மைக் பிடித்தவர், “மாப்பிள்ளையின் அக்கா வீட்டுக்காரரின் அண்ணன், உயர்திரு...” என்று இழுத்துவிட்டு, அப்பா பக்கம் குனிந்து பெயரைக் கேட்டார். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. மண்டபமே பார்த்தது.

“அண்ணன் பேரை நான் எப்படிப்பா வாயால சொல்றது?” என்றார் அப்பா.

ஆஹா என்றது கூட்டம். தம்பின்னா இப்படி இருக்கணும் என்றார் ஒரு கிழவர். பெரியப்பா துண்டைச் சரிசெய்துகொண்டு, அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். “வுடுப்பா. பேரு எதுக்கு? அண்ணன்னு சொன்னா போதும்,” என்றார். என் அப்பாவின் மரியாதையில் நான் பூரித்துப்போனேன். ஊர் திரும்பியதும் ஒரு வாரம் அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருந்து பார்த்தேன்.

காலேஜில் சேர்ந்தபிறகு அப்பாவோடு அதே வண்டியில் நானும் போனேன். அவசர ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெரியப்பாவை அந்தப் பெட்டியே பெயர் சொல்லித்தான் கூப்பிட்டது. புத்ததாசன். அப்பாவும் “புத்ததாசண்ணே, தள்ளி உக்காருங்க” என்றார், பல வருடமாகச் சொல்லிப் பழகிய வாயோடு. அன்றைக்கு மண்டபத்தில் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால், என்ன சாதி, யார் வீட்டு அண்ணன் இவர் என்று முதல் பந்தியே எழுந்து நின்று கேட்டிருக்கும். அது அப்பாவுக்குத் தெரியும். துண்டு போர்த்திக்கொண்டு சிரித்தவருக்கும் தெரியும்.

எனக்குத்தான் அந்த வயதில் ஒன்றும் தெரியவில்லை. பெரியப்பா எப்போது நம் வீட்டுக்கு வருவார் என்று அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் லைனுக்கும் அவர் லைனுக்கும் நடுவில் ஒரு மைதானம்தான். “வருவாரு, வருவாரு” என்பாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவர் வராததற்கு அவர்மேல்தான் எனக்குக் கோபம். யாராவது கூப்பிட்டால்தானே வருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.