சித்தப்பாவின் கையெழுத்து

எங்கள் சித்தப்பாவுக்கு அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை போனது ஒரே நாளில் அல்ல. கணக்கில் பட்டம் வாங்கி, பி.எட். முடித்து, எட்டு வருஷம் வேலைக்கான பரீட்சைகளை எழுதினார். முதலில் வினாத்தாளைச் சந்தேகித்தார். பிறகு திருத்துகிறவர்களை. அதற்கும் பிறகு தபால்காரரை. நான் நாலாம் வகுப்புக்கு வந்த சமயத்தில், பண்ணைப்புரத்துக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் தெருவிளக்கு எரிந்தால்கூட, "இப்ப எதுக்குப் போடுறாய்ங்க? என்னமோ இருக்கு" என்பார்.

அவருடைய விண்ணப்பங்களில் போட்டோ ஒட்டுவது என் வேலை. அவர் கையெழுத்துப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானும் போட்டுப் பழகியிருந்தேன். கடைசி எழுத்தை வாலாக இழுத்துக் கீழே இரண்டு புள்ளி வைக்க வேண்டும்.

அந்த வருஷம் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க எங்கள் வகுப்பு டீச்சரே வீடு வீடாக வந்தார். சித்தப்பா வெளியே வந்து, "எம் பேரை அடிச்சிருங்க டீச்சர்" என்றார்.

"என்ன சார், படிச்சவுக நீங்களே இப்பிடிச் சொல்லலாமா?"

"ஓட்டு வேணும்னா மட்டும் நான் இருக்கேன்னு தெரியுது. வேலைன்னா தெரிய மாட்டேங்குதே."

எழுதிக் கொடுத்தால்தான் எடுக்க முடியும் என்றார் டீச்சர். சித்தப்பா உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னிடம் பெயர் நீக்கும் படிவம் ஒன்றைக் கொடுத்தார். "நல்லா யோசிச்சுக் கையெழுத்துப் போடச் சொல்லு. வேணாம்னா கிழிச்சுப் போட்டுறச் சொல்லு."

நான் வீட்டுக்கு வந்தபோது சித்தப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அன்றைக்கு வந்த பரீட்சை முடிவிலும் அவர் எண் இல்லை என்று அம்மா கிசுகிசுத்தார். அவரை எழுப்ப எனக்குப் பயமாக இருந்தது. அவர் கேட்ட ஒரு காரியமாவது நடக்கட்டும் என்றும் தோன்றியது. படிவத்தை நிரப்பி, வாலை இழுத்து, இரண்டு புள்ளி வைத்தேன்.

டீச்சர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சித்தப்பாதான போட்டாக?"

"ஆமா டீச்சர்."

அதன் பிறகு எனக்கும் சித்தப்பாவின் நோய் தொற்றிக்கொண்டது. ஃபைலோடு தெருவில் யார் வந்தாலும் என்னைத்தான் தேடி வருகிறார்கள் என்று நினைத்தேன். டீச்சர் கடைவாசலில் அப்பாவோடு பேசினால் நான் சந்துக்குள் போய் ஒளிந்துகொள்வேன். ஆனால் யாரும் விசாரிக்க வரவில்லை.

தேர்தல் நாள் வந்தது. சித்தப்பா காலையிலேயே சவரம் செய்து, இண்டர்வியூவுக்கென்று வைத்திருந்த சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன தம்பி, போகமாட்டேன்னீக?" என்றார் அம்மா.

"சும்மா, என்னதான் பண்றாய்ங்கன்னு பாத்துட்டு வாறேன் மதினி" என்றவர், என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

பட்டியலை வைத்திருந்தவர் மூன்று முறை புரட்டினார். "பேரை நீக்கியிருக்கு சார்."

"இன்னொரு தடவ பாருங்க. கார்டு இருக்குல்ல, இங்கன பாருங்க." அவர் குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள்.

டீச்சருக்கு அன்றைக்கு வேறு ஊரில் தேர்தல் வேலை. பிற்பாடும் சித்தப்பா அவரிடம் கேட்கவில்லை. "கேட்டா மட்டும் நெசத்தையா சொல்லப் போறாய்ங்க?" என்றுவிட்டார். அவருடைய அவநம்பிக்கைதான் என்னைக் காப்பாற்றியது.

உயிரோடு இருப்பவன் பெயரையே தூக்கிவிட்டார்கள் என்ற கதை டீக்கடையிலிருந்து ஊர் முழுக்கப் பரவியது. படித்துவிட்டுச் சும்மா இருந்த மற்றப் பிள்ளைகள் அதைக் கேட்டுத் தலையாட்டினார்கள். இன்றும் எங்கள் ஊரில் ஓட்டுப் போடப் போகாதவர்கள் அதைத்தான் சாட்சியாகச் சொல்கிறார்கள். நான் இப்போது ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இதுவரை வாய் திறந்ததில்லை.

அன்றைக்கு வாக்குச்சாவடியிலிருந்து திரும்பும்போது சித்தப்பா பள்ளிக்கூடத்துக் குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். தோள் குலுங்கியது. பெயரை அடிக்கச் சொன்னவரே அவர்தானே, அடித்துவிட்டார்கள் என்றதும் எதற்காக அழுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.