பார்க்கத்தானே எடுத்தேன்

போன வாரம் ஒரு கோளாறு என்னை இரண்டு நாள் ஆட்டிப் படைத்தது. கணினியின் அடிமடியில், எந்த நிரலுக்கு எந்த நினைவகப் பக்கம் என்று பிரித்துக் கொடுக்கும் கர்னலில்தான் எனக்கு வேலை. காலிப் பக்கங்களுக்கு அங்கே ஒரு பட்டியல் உண்டு. அதைத் தொடுகிறவர் முதலில் அதன் பூட்டைத் தன் வசம் எடுக்க வேண்டும்; அது ஒருவரிடம் இருக்கும்வரை மற்றவர் தொட முடியாது. யாரோ ஒரு புண்ணியவான், பார்க்கத்தானே போகிறோம் என்று பூட்டில்லாமல் பார்க்கும்படி எழுதியிருக்கிறார். காலி என்று பார்த்து ஒரு நிரலுக்குக் கொடுப்பதற்குள் அந்தப் பக்கம் வேறொரு நிரலுக்குப் போய்விட்டது. ஒரே பக்கத்தில் இரண்டு நிரலும் எழுத, எல்லாம் நாசம். எழுதியவனைத் திட்ட வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன். எழுபதுகளின் கடைசியில் அதே காரியத்தைச் செய்தவன் நான்.

அப்போது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. பவுண்டன் பேனா கொடுத்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளில் எது காலி என்பதற்கு ஒரே ஒரு புத்தகம். மலை ஈரத்தில் ஊறி, நமுத்த பிஸ்கட் வாசம் அடிக்கும். பக்கத்து ஆணியில் ஒரு மரக்கட்டை தொங்கும். அது கையில் இருந்தால்தான் புத்தகத்தைத் திறக்கலாம், சும்மா பார்ப்பதற்கும்கூட. பெரிய கிராணியின் சட்டம். நான் முதுகுக்குப் பின்னால் சிரிப்பேன்.

ஒருநாள் அவர் கட்டையோடு, ஒரு வீட்டை ஒதுக்க தோட்டத்துத் துரையிடம் ஒப்புதல் வாங்கப் போயிருந்தார். புத்தகம் மேசையில் கிடந்தது. நிறைமாத லெட்சுமி வந்து நின்றாள். கொழுந்து பறிக்கிறவள். புருஷனின் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள்.

"வீடு ஏதும் இருக்கா, சின்னக் கிராணி?"

திறந்து பார்த்தேன். பதினாலாம் நம்பர் காலி. "போய் சாமான ஏத்துங்க லா," என்றேன், ஏதோ நானே கட்டிக் கொடுத்த வீடு மாதிரி.

மத்தியானம் மழை. பதினாலில் லாரி டிரைவர் குடும்பம் அடுப்பே மூட்டிவிட்டது. ஒப்புதல் அவர்களுக்குத்தான். வாசலில் டிரங்குப் பெட்டிமேல் லெட்சுமி. கிளம்பும்போது அண்ணன் பெண்டாட்டியோடு பெரிய சண்டை போட்டுவிட்டு வந்திருந்தாள். திரும்பிப் போக வழியில்லை.

"நீங்கதானே சொன்னீங்க?"

"கட்டை எங்க இருந்துச்சு தம்பி?" என்றார் பெரிய கிராணி. அவ்வளவுதான்.

வேறு வீடு இல்லை. எனக்கு அழுகை வந்தது. அதனால் அவளுக்கு என்ன பிரயோசனம்? மறுநாள் புருஷனும் அவளும் காய்கறி லாரியில் கம்போங் ராஜா என்கிற ஊர்ப் பக்கம் போய்விட்டார்கள்.

நிரலை மூன்று வரியில் சரிசெய்துவிட்டேன். பார்ப்பதற்கும் இனி பூட்டு. அந்த லயனை இடித்துவிட்டார்கள். ஆபீஸும் இல்லை, ஆணியும் இல்லை, பெரிய கிராணியும் இல்லை. லெட்சுமிக்குப் பிறந்தது ஆணா பெண்ணா, நல்லபடியாகப் பிறந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.