கையை எடுத்தால் நிற்காத சுவிட்ச்

என் அண்ணன் சிம்பாங் பூலாய் பக்கம் கல் குவாரியில் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து படுத்தபின் சொன்னபடி கேட்டவை இடது கையின் இரண்டு விரல்கள் மட்டும். அண்ணி காலையில் தொழிற்சாலைக்குப் போனால் மாலைதான் திரும்புவார். அதுவரை ஈப்போ ஃபிளாட்டில் அண்ணன் தனியாகக் கிடக்க வேண்டும். தாகம் எடுத்தால்?

வாய்க்கு எட்டும்படி அண்ணி ஒரு குழாயைக் கட்டித் தொங்கவிட்டார். "நான் என்ன மாடா?" என்று அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் வீடுகளுக்கு வயரிங் போடுகிறவன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு வேறு. பிள்ளைகள் ரோபோ செய்ய வாங்குகிற குட்டி மோட்டார் ஒன்றை வாங்கினேன். சுவிட்சைப் போட்டால் மோட்டார் நூலைச் சுற்றும். நூல் இழுக்க, கட்டிலோரம் நான் பொருத்திய மரச்சட்டம் தண்ணீர்க் குழாயோடு அவர் வாயருகே வரும். அணைத்தால் ரப்பர் பட்டை அதைத் திருப்பி இழுத்துக்கொள்ளும். வேனில் கிடந்த வீட்டுச் சுவிட்சையே மாட்டினேன். நாலைந்து முறை போட்டு அணைத்துப் பார்த்தேன். அருமையாக வேலை செய்தது. கிளம்பிவிட்டேன்.

மறுநாள் மாலை அண்ணி போன் செய்தார். "தம்பி, ஒடனே வாங்க."

அண்ணனின் கன்னத்தில் குழாய் குத்திய இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. சுவிட்சைப் போட அவர் விரலால் முடிந்திருக்கிறது. மறுமுனையை அமுக்கி அணைக்க முடியவில்லை. பாட்டரி தீரும்வரை சட்டம் அவர் முகத்தை முட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. விளக்கென்றால் கையை எடுத்தபின்னும் எரிய வேண்டும். அதே புத்தியில் இதையும் மாட்டித் தொலைத்திருக்கிறேன். சோதித்தபோது அணைத்தவை என் விரல்கள். அவர் விரலை ஒருமுறைகூட அதன்மேல் வைத்துப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போதே அதைக் கழற்றிவிட்டு, வாசலில் வைக்கிற பெல் சுவிட்சை மாட்டினேன். அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். இந்த முறை அவர் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

"அமுக்கிப் பாருண்ணே."

அவர் அமுக்கவில்லை. "பெல்லுதானே இது? அமுக்கினா யாரு வாரா?"

"தண்ணி வரும்ணே."

"தண்ணி கெடக்குது. நீ வாயேன் லா."

என் வீடு அங்கிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவரை எட்டிப் பார்க்காமல் என் வீட்டிலேயே உட்கார்ந்துதான் அவருக்கு இதைச் செய்திருந்தேன்.