மரக்காணத்து எள்ளும் திண்டிவனத்து எள்ளும்

இங்கிலாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில், தலைக்குத் தேய்க்க நான் கொண்டுவந்திருந்த நல்லெண்ணெயை நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் தன் தையல் மிஷினுக்குப் போட்டுவிட்டார். மிஷின் நன்றாக ஓடுகிறதென்று நன்றியும் சொன்னார். அது எள்ளில் ஆட்டிய எண்ணெய், எங்கள் ஊரில் அதில் சமைப்போம் என்றேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, பரிதாபப்பட்டு அன்றைய சாப்பாட்டில் தன் பங்கு வெண்ணெயையும் எனக்கே வைத்தார். யுத்தம் முடிந்தும் இங்கே வெண்ணெய் ரேஷனில்தான்.

அந்த எள்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. யுத்தகாலத்தில் திண்டிவனத்தில் ஓர் எண்ணெய்வித்துப் பண்ணையில் உதவியாளராக இருந்தேன். கூலிக்குக் களையெடுத்த குடும்பத்திலிருந்து மிஷன் பள்ளிக்குப் போய் மேலே படித்த பெண் நான். மரக்காணம் கடற்கரை மணலில் படர்ந்து கிடக்கும் காட்டு எள்ளை நாட்டு எள்ளோடு சேர்த்தால், மழை பொய்த்த ஆண்டிலும் காய்க்கும் செடி கிடைக்குமென்று நம்பினோம். கலப்புச் செடி செழித்து வளர்ந்தது. பூத்தது. காய் மட்டும் பிடிக்கவில்லை. மொட்டை நசுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். நாட்டு எள் தந்த குரோமோசோம்கள் பதின்மூன்று, காட்டு எள் தந்தவை பதினாறு. மகரந்தம் உண்டாகும்போது இவை ஜோடி சேர்ந்து பிரிய வேண்டும். இங்கே சில சேர்ந்தன; மற்றவை துணையில்லாமல் சிதறிக் கிடந்தன. மகரந்தமெல்லாம் பதர்.

பாத்திக்குத் தண்ணீர் கட்டிய முனியம்மாள் அத்தை எங்கள் தெருக்காரி. "பூத்துக்கினே கீது, ஒரு காய் இல்ல. இதுக்குப் போயி தண்ணி ஊத்திக்கினு கீறோமே, மேரி" என்றாள். அதிகாரியும் பாத்தியை உழுதுவிடச் சொன்னார். உணவுப் பயிருக்கு நிலம் வேண்டுமாம். மேலதிகாரியிடம் நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. இன்னும் ஒரு பருவம் விட்டுவைக்கச் சொன்னேன்.

"ஒரே பருவந்தான். அப்புறம் கேப்பை போட்டுடுவேன்" என்றார்.

குரோமோசோமை இரட்டிக்க வைக்கும் கொல்கிசின் மருந்தில் பஞ்சை நனைத்துக் குருத்துகளில் வைத்தேன். பெரும்பாலானவை கருகிப்போயின. ஒரே ஒரு கிளை தடித்த இலைகளோடு எழும்பியது. அதன் மொட்டில் பார்த்தால், அநேகமாக ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு துணை இருந்தது. ஆனாலும் காய் பிடிக்குமா என்ற பயம் போகவில்லை. ஒரு காலை அத்தை வரப்பிலிருந்து கூப்பிட்டாள்.

"வந்து பாரு, உன் செடி உண்டாயிருக்குது."

ஓடினேன். இரண்டு காய்கள். தொடக்கூடப் பயமாக இருந்தது. குடியானவர் விதைக்கிற ரகமாக அது இன்னும் ஆகவில்லை, விதை குறைவு. ஆனால் அந்தக் கிளையைக் கேள்விப்பட்டுத்தான் இங்கே படிக்க அழைத்தார்கள்.

இப்போது கோதுமைக் கலப்பினங்களில் அதே வேலை. போன வாரம் பக்கத்து மேஜைப் பெண், நான் பிரார்த்தனை செய்கிறேனா என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை, எண்ணுகிறேன் என்றேன். தமிழில் வாய்விட்டு எண்ணுவது எனக்கே தெரிந்திருக்கவில்லை. அவளுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாதென்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். பாதியில் எப்போதோ தமிழுக்கு மாறி, கணக்குத் தப்பி, மறுபடி முதல் குரோமோசோமுக்குத் திரும்பினேன்.