காலை ஏழு மணித் தாள்

டோரீன் வோடிச்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. அவளால் அல்ல. பதினோரு வருடமாக யார் கொட்டிய குப்பையை அவள் தினமும் காலையில் கூட்டி அள்ளினாளோ, அவர்களால்.

எங்கள் ஊரில் பெரிய கட்டடம் என்று இரண்டுதான். ஒன்று மாட்டிறைச்சி ஆலை. இன்னொன்று, நான்காவது மாடியில் குடியேற்ற நீதிமன்றம் இருக்கும் அரசாங்கக் கட்டடம். ஆலையின் நாற்றம் சோளக்காடு வரைக்கும் அடிக்கும். மற்றதன் நாற்றம் உள்ளே போனவர்களுக்கு மட்டும் தெரியும். டோரீன் இரண்டிலும் மூச்சுவிட்டவள். ஆலையில் இருபத்திரண்டு வருடம் லேபிள் சரிபார்த்தாள். பெட்டியில் ஒட்டிய தேதியும் உள்ளே இருக்கும் இறைச்சியின் தேதியும் ஒன்றுதானா என்று பார்க்கிற வேலை. தப்பு இருந்தால் எழுத வேண்டும். தப்பே இல்லாவிட்டாலும் ‘இன்று ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஐம்பதாவது வயதில் ஆலை அவளை வீட்டுக்கு அனுப்பியது. லெனார்ட் என்ற புருஷனும் அதே வருடம் கிளம்பிப் போனான். இரண்டில் எதற்காக அழுதாள் என்று கேட்டால், “எதுக்குமே இல்ல, அந்த வருஷம் எனக்குப் பல்வலி” என்பாள்.

அதற்குப் பிறகுதான் வக்கீல் கில்பர்ட் ஹாஸ் அலுவலகத்தில் சேர்ந்தாள். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. நான் அங்கே மொழிபெயர்ப்பாளன். குவாத்தமாலா மலையிலிருந்து வந்து ஆலையில் கத்தி பிடித்தவன், பிறகு நாக்கைப் பிடித்துப் பிழைக்கிறவன். என் பெயர் ஹசிந்தோ. டோரீனுக்கு அந்தப் பெயர் வாயில் நுழைய ஒரு மாதம் ஆயிற்று. அதுவரைக்கும் “ஏய் மலைக்காரா” என்றுதான் கூப்பிட்டாள்.

அவளுக்குக் கொடுத்த வேலை, நீதிமன்ற விதிகள் மாறுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது. கேட்பதற்குச் சின்ன வேலை. மாறாத நாளே கிடையாது என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. தாளில் மேலே இரண்டு ஓட்டை போடு என்பார்கள். ஓட்டை போட்ட தாளை வாங்க மாட்டோம் என்பார்கள். மூன்று பிரதி, பிறகு ஒரு பிரதி, பிறகு கணினியில் மட்டும். ஒரு மனுஷியின் உயிர் அந்த ஓட்டையில் தொங்குகிறது என்பதைப் பற்றி எவனுக்கும் கவலையில்லை. விதியை மாற்றினால் யாரிடமும் சொல்வதில்லை. இணையப் பக்கத்தில் பழைய வரியை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார்கள். நேற்று என்ன இருந்தது என்று கேட்டால் நேற்றே கிடையாது என்பதுபோலப் பார்ப்பார்கள்.

டோரீன் ஆலையில் செய்ததையே இங்கேயும் செய்தாள். காலை ஏழு மணிக்கு வருவாள், கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தப் பக்கத்தை அச்செடுப்பாள். தாளின் அடியில் தேதியும் நேரமும் தானாக விழும். அதற்கு மேலே நீலப் பேனாவால், மாறியிருந்தால் என்ன மாறியது, மாறாவிட்டால் மாறவில்லை என்று எழுதுவாள். பிறகு திட்டுவாள். அதையும் எழுதுவாள். ஆலையில் மேஸ்திரிகளைப் பற்றி எழுதி எழுதி வந்த பழக்கம். கசகசா வைத்த கொலாச்சி ரொட்டியைக் கடித்துக்கொண்டே எழுதுவதால் சில தாள்களில் கசகசாவும் ஒட்டியிருக்கும்.

கில்பர்ட் முப்பத்தெட்டு வயதுப் பையன், நல்லவன், பயந்தவன். “டோரீன், இது எதுவும் யாருக்கும் தேவைப்படப் போறதில்ல. அலமாரி முழுக்க இதேதான் இருக்கு” என்பான்.

“தேவைப்படாதவரைக்கும் தேவையில்ல கண்ணு,” என்பாள் அவள்.

பெத்ரோனா இஷ்கோய் வந்த கதைக்கு வருகிறேன். என் மலைக்காரிதான், என் மொழிதான். நிலத் தகராறில் அவள் புருஷனைச் சுட்டவர்கள் அந்த ஊரில் இன்றும் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு பெண் குழந்தைகளோடு ஓடிவந்து, ஆலையில் இரவு நேரத்தில் தரை கழுவுகிறாள். தஞ்சம் கேட்ட மனு மார்ச் பதினெட்டாம் தேதி விசாரணைக்கு வருகிறது. சான்றுகளை விசாரணைக்குப் பதினைந்து நாள் முன்பு கொடுக்க வேண்டும் என்பது விதி. மரணச் சான்று, அக்காள் கைநாட்டு வைத்த கடிதம், எல்லாம் சேர்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பிப்ரவரி இருபத்தெட்டு, வெள்ளிக்கிழமை, பதினெட்டு நாள் முன்னதாகவே டோரீன் கொடுத்துவிட்டாள்.

மார்ச் நான்காம் தேதி காலை ஏழு மணிக்கு அச்சில் வந்த தாளைப் பார்த்து அவள் ரொட்டியைக் கீழே வைத்தாள். பதினைந்து முப்பதாகியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. நடைமுறைக்கு வந்த நாள் என்ற இடத்தில் பிப்ரவரி பத்து என்று போட்டிருந்தார்கள். திங்கட்கிழமைவரை இல்லாத விதி மூன்று வாரத்துக்கு முன்பே பிறந்துவிட்டதாம்.

மார்ச் ஆறாம் தேதி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் ‘தாமதம்’ என்ற முத்திரையோடு திரும்பி வந்தன. கூடவே அரசாங்க வக்கீலின் மனு. உரிய காலத்தில் சான்று கொடுக்காததால் பெத்ரோனா தன் கோரிக்கையைக் கைவிட்டதாகக் கருத வேண்டுமாம். கைவிட்டாளாம். இரண்டு எல்லை தாண்டி வந்தவள். அந்தச் சொல்லை அவளுக்கு மொழிபெயர்த்தபோது என் வாயைக் கழுவ வேண்டும்போல் இருந்தது.

“அப்படின்னா என்னைக் கேக்கவே மாட்டாங்களா?” என்றாள் பெத்ரோனா.

“கேக்காமலே அனுப்பிடுவாங்க.”

அவள் அழவில்லை. குழந்தைகளின் பள்ளிக்கூடத்தில் எப்போது சொல்ல வேண்டும் என்று கேட்டாள்.

டோரீன் அலமாரியிலிருந்து பிப்ரவரி மாதக் கட்டை எடுத்து மேசையில் போட்டாள். பத்தாம் தேதி, பதினைந்து நாள். பதினொன்று, பதினைந்து நாள். விடுமுறை நாட்களைத் தவிர ஒவ்வொரு காலையும் பதினைந்து நாள்தான். கில்பர்ட்டின் முகம் மலர்ந்தது. இருபத்தெட்டாம் தேதித் தாளுக்கு வந்ததும் சுருங்கியது. அதில் நீலப் பேனாவில் இப்படி இருந்தது: ‘இன்னிக்கும் பதினஞ்சு நாள்தான். மாத்தறதுக்கு முன்னாடி சொல்வானுங்களா? மாட்டானுங்க. ஸ்ட்ரோம் ஒரு வெந்த டர்னிப். கறுப்பு அங்கி போட்ட வெந்த டர்னிப்.’

டர்னிப் என்பது முள்ளங்கி மாதிரி சப்பென்ற ஒரு கிழங்கு. ஸ்ட்ரோம் என்பவர்தான் பெத்ரோனாவின் வழக்கை விசாரிக்கும் நீதிபதி.

“இது வேண்டாம், வேற நாள் தாளைக் கொடுப்போம்,” என்றான் கில்பர்ட்.

“தாக்கல் பண்ணின நாள் எது? இருபத்தெட்டு. அந்த நாள் தாள்தான் வேணும். வேற நாள்ல மட்டும் என்ன வாழுது? பத்தொம்பதாம் தேதி பாரு.”

பத்தொன்பதாம் தேதித் தாளைப் பார்த்த கில்பர்ட் அதை உடனே கவிழ்த்து வைத்தான். “சரி, வெள்ளை மை பூசி நகல் எடுங்க.”

“மாட்டேன்.”

“டோரீன், அவர் கோபத்துல மனுவையே தூக்கி எறிஞ்சிடுவார். என் லைசென்ஸும் போகும்.”

“‘இந்தத் தாள் அன்னிக்கு இருந்தபடியே இருக்கு’ன்னு நான் சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். பூசிட்டு எப்படிப் போடுவேன்? தேதியைப் பின்னாடி தள்ளிப் போட்டது அவங்க. அந்த அசிங்கத்தை நானும் செய்யணுமா?”

கில்பர்ட் என்னைப் பார்த்தான். நான் பெத்ரோனாவைப் பார்த்தேன். அவளிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவள், “அந்த அம்மா இஷ்டப்படியே செய்யட்டும், இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் இப்படி ஒண்ணை மறைக்காமக் காட்டினதில்ல” என்றாள். மார்ச் பத்தாம் தேதி, டர்னிப்போடு சேர்த்து எல்லாத் தாள்களும் நீதிமன்றத்துக்குப் போயின.

பதினெட்டாம் தேதி ஈரப்பனி விழுந்துகொண்டிருந்தது. நீதிமன்றம் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்த மொழிபெயர்ப்பாளர் வேறு மலையின் மொழி பேசினார். பெத்ரோனாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அதைப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆனது. கடைசியில் இரு தரப்பும் சம்மதித்து என்னை அவள் பக்கத்தில் உட்கார்த்தினார்கள். அந்த அறையில் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லையும் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் அவளுக்குச் சொல்வேன் என்று கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன்.

நீதிபதி ஸ்ட்ரோம் இருபத்தெட்டாம் தேதித் தாளை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே பிடித்தார். பிறகு, “பதிவுக்காக வாசிக்கிறேன்” என்று முழுவதையும் வாசித்தார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. டர்னிப்புக்கு எங்கள் மலையில் சொல் கிடையாது. வெந்த சௌசௌ என்றேன். கறுப்பு அங்கி போட்ட வெந்த சௌசௌ. பெத்ரோனா நீதிபதியை நிமிர்ந்து பார்த்தாள். சால்வையை வாயில் வைத்து அடைத்தும் அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்று வருடமாக அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்று பார்த்து வந்து தொலைத்தது. கில்பர்ட் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதை எழுதினது யாரு?” என்றார் நீதிபதி.

டோரீன் பின்வரிசையில் எழுந்து நின்றாள். “நான்தான், யுவர் ஆனர்.”

“இருபத்தெட்டாம் தேதி எழுதினதா?”

“காலைல ஏழு மணி நாலு நிமிஷம். அடியில அச்சாகியிருக்கு.”

“அந்தக் கடைசி ரெண்டு வரி?”

“அதுவும் அதே ஏழு மணி நாலு நிமிஷந்தான்.”

அரசாங்க வக்கீல் எழுந்தான். நீதிமன்றத்தின் மீது இவ்வளவு வெறுப்புள்ள ஒருத்தியின் தாளை நம்பக் கூடாது, இது பிறகு தயார் செய்ததாக இருக்கலாம் என்றான். அந்தப் பிப்ரவரி பத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை. இந்த மாதிரி ஆட்கள் இரவில் எப்படித் தூங்குகிறார்கள் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நன்றாகத்தான் தூங்குகிறார்கள் போல.

ஸ்ட்ரோம் தாளைக் கீழே வைத்தார். “உக்காருங்க கவுன்சல். என்கிட்ட காட்டறதுக்காக ஒருத்தி பொய்த்தாள் தயார் பண்ணியிருந்தா, அதுல என்னை டர்னிப்னு எழுதியிருக்க மாட்டா. பூசி மறைக்கவாவது செஞ்சிருப்பா. அந்த அறிவிப்பை எப்ப ஏத்தினாங்கன்னு எனக்கே யாரும் சொல்லல. என் கோர்ட்டு விதி மாறினதை நான் இந்தத் தாளைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன். சான்றுகளை ஏத்துக்கறேன்.” பிறகு டோரீனைப் பார்த்தார். “நீங்க வெளிய போகலாம். இனிமே என் அறைக்குள்ள வரவேண்டாம்.”

தன் நீதிமன்றத்தில் என்ன விதி என்று தெரியாத மனிதர், அதைச் சொன்னவளை வெளியே அனுப்பினார். டோரீன் கோட்டை எடுத்துக்கொண்டு போய், நடைவழிப் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே பெத்ரோனா எல்லாவற்றையும் சொன்னாள். புருஷனைச் சுட்ட இடம், சுட்டவன் பெயர், அவன் போட்டிருந்த செருப்பு. மாலையில் ஸ்ட்ரோம் தஞ்சம் வழங்கினார். மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருக்கிறது, செய்வோம் என்று அரசாங்க வக்கீல் சொல்லிவிட்டுப் பையை மூடினான்.

வெளியே வந்த பெத்ரோனா டோரீனின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் ஏதோ சொன்னாள்.

“என்ன சொல்றா?” என்றாள் டோரீன்.

“எங்க ஊர்ல சௌசௌவை ரொம்ப நேரம் வேகவைக்கணுமாம். அப்பத்தான் கத்தி இறங்குமாம்.”

டோரீன் தலையாட்டினாள். சிகரெட் பிடிக்கப் போய்விட்டாள்.

மறு வாரம் ஒரு காலையில் அச்சு இயந்திரத்தின் முன்னால் கோட்டோடு நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள். இணையப் பக்கத்தில் புது விதி ஏறியிருந்தது. கையால் எழுதிய குறிப்பு உள்ள எந்தத் தாளையும் சான்றாக ஏற்க முடியாது. நடைமுறைக்கு வந்த நாள், மார்ச் ஒன்று.

நாங்கள் தாள்களைக் கொடுத்தது பத்தாம் தேதி. மேல்முறையீட்டில் இதைத்தான் பிடிப்பார்கள். அன்று இந்த விதி இல்லை என்று காட்ட எங்களிடம் இருப்பது டோரீனின் தாள்கள். அவை எல்லாவற்றிலும் நீலப் பேனா. கில்பர்ட் வந்து படித்துவிட்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தான்.

டோரீன் மேசையின் கீழ் அறையை இழுத்தாள். உள்ளே ஒரு மெல்லிய கட்டு. மார்ச் ஏழு முதல் அன்றுவரை, ஒவ்வொரு காலையும் ஏழு மணித் தாள். ஒன்றிலும் மைப்பொட்டு இல்லை, கசகசாகூட இல்லை.

“வெள்ளை மை பூசச் சொன்னியே, அதுக்கு மறுநாள்லேர்ந்து ரெண்டு ரெண்டா எடுக்கறேன்,” என்றாள் கில்பர்ட்டிடம். “திட்டறதை என்னால நிறுத்த முடியாது. அவங்களாலயும் தேதியைப் பின்னாடி தள்ளறதை நிறுத்த முடியாது.”

மார்ச் பத்தாம் தேதித் தாளை உருவி அவன் முன்னால் வைத்தாள். பிறகு அன்றைய தாளில் ஒன்றைக் கீழறையில் போட்டுப் பூட்டினாள். மற்றதை இழுத்துப் போட்டுக்கொண்டு, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, எழுத ஆரம்பித்தாள். அடிவரைக்கும் இடம் போதாமல் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள். அதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.