லொரெய்ன் அழித்து எழுதிய பெட்டி

எங்கள் ஊர் பேஸ்பால் மைதானத்தில் பதினெட்டு வருஷம் பீர் விற்றவன் நான். ஏழாவது வரிசையில், மடியில் ஸ்கோர் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் லொரெய்ன் கச்மாரெக்குக்குக் குறுக்கே மட்டும் போக மாட்டேன். ஒருமுறை போனேன். பென்சிலால் புறங்கையில் குத்திவிட்டாள்.

"மறைக்காதன்னு எத்தனை தடவ சொல்றது?" என்றாள், தலையை நிமிர்த்தாமலே. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தேன்.

அஞ்சலகத்தில் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிற வேலை அவளுக்கு. மதுக்கடையில் பழைய ஆட்டத்தைப் பற்றித் தகராறு வந்தால் அவளிடம்தான் போவோம். பக்கத்தைப் புரட்டி, நேற்று நடந்ததுபோல் சொல்வாள். "அறுபத்தொண்ணு ஆகஸ்ட்டா? ஆறாவது இன்னிங்ஸ். நம்ம பிட்சர் அவங்க ஆளு விலாவுல பந்தால அடிச்சான். உடைஞ்சது ரெண்டு எலும்பு. நாலுன்னு கதை விடாத."

ஆட்டக்காரர்களை நிற்கிற இடத்துக்கான எண்ணால்தான் எழுதுவார்கள். பந்தை எறிகிற பிட்சர் ஒன்று, அடிப்பவன் பின்னால் நின்று பிடிக்கிற கேட்சர் இரண்டு, ஓடுபாதையின் மூன்றாவது முனையைக் காக்கிற மூன்றாவது பேஸ்காரன் ஐந்து. லொரெய்ன் அடிதடியையும் அப்படியே எழுதுவாள். அடித்தவன் எண் முதலில், வாங்கியவன் எண் பிறகு, எதிரணி எண்கள் சிவப்பில். புத்தகத்தில் கோடு போட்ட கட்டங்களைப் பெட்டி என்போம். அவள் புத்தகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு பெட்டிகூடக் காலியாக இருந்ததில்லை.

அறுபத்தெட்டு ஜூலையில் ஒரு சனிக்கிழமை மதியம் ஆற்றுக்கு அக்கரை ஊரின் அணி வந்தது. ஏழாவது இன்னிங்ஸில் அவர்கள் பிட்சர் எங்கள் ஆள் தலையைக் குறிபார்த்து எறிந்தான். இரண்டு அணியும் மோதிக்கொண்டன. பல் தெறித்தது, ஒருவன் காது கிழிந்து தொங்கியது. வேலியைத் தாண்டி ஊர்க்காரர்களும் குதித்தார்கள். புழுதி அடங்கியபோது அக்கரை கேட்சர் மண்டை பிளந்து கிடந்தான். பக்கத்தில் மட்டை. அவனுக்கு ஒரு கண் போயிற்று.

லொரெய்னின் தம்பி எட்டிதான் வேலி தாண்டிப் போய் அடித்தான். நான் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. தினமும் சேர்ந்து குடிக்கிறவனைக் காட்டிக்கொடுக்கத் தைரியமில்லை.

லொரெய்னும் பார்த்திருந்தாள். ஆனால் பார்வையாளனுக்கு எண் கிடையாது. சிவப்பில் இரண்டு என்று எழுதி, அதற்கு முந்தைய பெட்டியைக் காலியாக விட்டுவிட்டாள். அவள் காலியாக விட்டால் அடித்தவன் ஆட்டக்காரன் இல்லை என்று ஊரில் யாருக்கும் விளங்கும். வேலி தாண்டியவர்களில் போலீஸ் எட்டியைத்தான் சந்தேகித்தது. திங்கள் காலையில் புத்தகத்தை வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஞாயிறு மதியம் எட்டியின் மனைவி ஐரீன் லொரெய்னின் காலைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு எண்ணு, லொரெய்ன். அஞ்சுன்னு போட்டுடு. மூணாவது பேஸ்ல நிக்கிற அந்த ஹெக்டர் எங்கிருந்தோ வந்தவன், நாளைக்கே போயிடுவான். என் புருஷன் உள்ள போனா நாலு பிள்ளைங்கள நான் எப்படி வளர்க்கிறது?"

லொரெய்ன் ஐந்து என்று போட்டாள்.

அவள் புத்தகத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. எங்கள் மூன்றாவது பேஸ்காரன் ஹெக்டர் ஒலிவேரஸுக்கு வயது இருபத்திரண்டு. பிடித்துப் போனார்கள். ஜாமீனில் வந்த மூன்றாம் நாள், கேட்சரின் அண்ணன்மார் அவனை விடுதி வாசலில் மடக்கி, வலது கையைக் கார் கதவிடுக்கில் வைத்து மூன்று முறை சாத்தினார்கள்.

அடுத்த ஆட்டத்தில் எட்டி அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். "கை போனா என்ன? கால் இருக்குல்ல, ஊருக்கு ஓடட்டும்" என்று சிரித்தான்.

லொரெய்ன் பென்சிலை அவன் தொடையில் இறக்கினாள். அவன் அலறி எழுந்ததும் காப்பி பிளாஸ்கால் மூக்கில் ஓங்கி அடித்தாள். மூக்கெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. சட்டைக் காலரைப் பிடித்துப் படிகளின் வழியே இழுத்துக்கொண்டுபோய் வாசலில் நின்ற போலீஸ்காரர் முன் தள்ளினாள்.

"கேட்சர அடிச்சது இவன். அஞ்சுன்னு பொய் எழுதினது நான். ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க."

அப்புறம்தான் நானும் சாட்சி சொன்னேன். எனக்கு வெட்கமாக இருந்தது. எட்டிக்கு ஆறு வருஷம், அவளுக்கு நாலு மாதம். ஐரீன் நடுத்தெருவில் அவள் முகத்தில் துப்பினாள்.

வெளியே வந்த அன்றே போலீஸிடமிருந்து புத்தகத்தைத் திரும்ப வாங்கித் திருத்திக்கொண்டு ஹெக்டரின் விடுதிக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். ஐந்தை அழித்துவிட்டு, அந்தப் பெட்டியில் தம்பியின் முழுப் பெயரையும் எழுதியிருந்தாள். ஹெக்டர் இடது கையால் புத்தகத்தை வாங்கி அந்த ஆட்டத்தை முதலிலிருந்து நிதானமாகப் பார்த்தான். அதுதான் அவன் ஆடிய கடைசி ஆட்டம்.

"மூணாவது இன்னிங்ஸ்ல நான் பந்தக் கோட்டவிட்டேன்னு என் கணக்குல ஒரு தப்பு எழுதியிருக்க" என்றான். "உனக்குத்தான் நல்லா அழிக்க வருதே. இதையும் அழிச்சிடு."

லொரெய்ன் பென்சிலை எடுத்தாள். மறுபடியும் பையில் செருகிக்கொண்டாள். "நீ விட்டது நெசம், ஹெக்டர்" என்றாள்.

"கேட்சர நான் அடிக்காததும் நெசந்தான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினான்.

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.